நான் வெட்டிய கத்தி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, பரமட்டாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்த தம்பி ஒருவர் இடது பெருவிரலில் பெரிய கட்டோடு என் வகுப்புக்கு வந்தார். வலக் கையில் விபத்துப் படிவத்தின் பிரதி. வெங்காயம் வெட்டும்போது கத்தி நழுவி விரலில் இறங்கியிருக்கிறது. என்ன நடந்தது என்று எழுதவேண்டிய பெட்டிக்குள் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'த நைஃப் விச் ஐ கட் வாஸ் வெரி ஷார்ப்.' மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, "கத்தியை ஏனப்பா வெட்டினாய்?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். விரல் நோவைவிட அந்தச் சிரிப்புத்தான் அவருக்கு நொந்தது.

"நான் என்ன பிழையா எழுதினனான் ரீச்சர்? நான் வெட்டின கத்தி சரியான கூர். அதைத்தானே எழுதினனான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை, அந்த வசனத்தில் பிழை என் கண்ணுக்கும் உடனே படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடமும் சிட்னியில் அதற்கு மேலேயும் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். 'நான் வெட்டின கத்தி' என்று மனம் தானாகவே தமிழில் வாசித்து, சரி என்று தலையாட்டிவிட்டது. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் வெட்டுப்பட்டது வெங்காயமும் இல்லை, விரலும் இல்லை, கத்தி என்று தெரிந்தது.

நான் 1989இல் இங்கே வந்தேன். முதலில் ஹோம்புஷில் ஒரு சின்ன ஃபிளட், பிறகு பெண்டில் ஹில். பகலில் குடிவந்தவர்களுக்கான அரசாங்க ஆங்கில வகுப்பில் வேலை. போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஐரோப்பியர்களுக்காக 1948இல் தொடங்கிய திட்டம் அது. எங்கள் காலத்தில் ஆளுக்கு 510 மணித்தியாலம் என்று கணக்கு. 2021இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். வியட்நாம், லெபனான், சீனா, பொஸ்னியா என்று எல்லாரும் ஒரே அறையில் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவருடைய தாய்மொழியையும் தொட்டுப் பேச நேரம் ஏது? அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் கராஜில் தமிழாட்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைத்தேன். கட்டணம், தேத்தண்ணீருக்கு ஒரு பக்கெற் பிஸ்கற்.

அங்கேயும் நான் பழைய பாணியில்தான் படிப்பித்தேன். என் ரீச்சர் எனக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே அட்டவணை: ஹூ என்றால் யார், விச் என்றால் எது, ஹூஸ் என்றால் யாருடைய, ஹூம் என்றால் யாரை, வெயார் என்றால் எங்கே. கேள்வி கேட்பதற்கு இந்த அட்டவணை போதும். கேள்வியில் என் மாணவர்கள் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. 'யார் வந்தது?' என்பதை ஆங்கிலத்தில் கேட்க வீட்டுக்குள் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் இதே சொற்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு பெயரையும் அதைப் பற்றிய வசனம் ஒன்றையும் கொக்கி போட்டு இணைக்கிற வேலை. அந்த வேலைக்குத் தமிழில் 'யார்' என்பதோ 'எது' என்பதோ வருவதில்லை. 'நேற்று வந்த ஆள்' என்பதில் யார் எங்கே இருக்கிறார்? வினையின் நுனியில் ஒரு 'அ' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லாத சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கத்தித் தம்பி போன அன்று இரவு, அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகக் கட்டை அவிழ்த்தேன். நாவலரின் இலக்கணச் சுருக்கம், அட்டை போன நன்னூல் ஒன்று. 'வந்த' போல 'அ'வில் முடிந்து ஒரு பெயரைத் தேடி நிற்கிற வினைக்கு இலக்கணத்தில் பெயரெச்சம் என்று பெயர். அந்த இடத்தைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி, சோதனையில் எழுதி, பிறகு மறந்துபோன சங்கதி. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். செய்தவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள் என்று ஆறு வகைப் பெயர்களில் எதுவும் பெயரெச்சத்துக்குப் பின்னால் வந்து நிற்கலாம். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு. ஆறுக்கும் 'உண்ட' என்ற ஒரே சொல். சாத்தன் சாப்பிட்டான், சோறு சாப்பிடப்பட்டது, கலத்திலும் இல்லத்திலும் சாப்பாடு நடந்தது. யார் என்ன ஆனார் என்று தமிழ் சொல்வதில்லை. கேட்பவருக்கு உலக நடப்புத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. சோறு சாத்தனைச் சாப்பிடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஆங்கிலம் அப்படி நம்பி விடுகிற மொழி இல்லை. சாத்தனுக்கு ஹூ வேண்டும். சோற்றுக்கு விச் அல்லது தட். கலத்துக்கு விச் மட்டும் போதாது, 'அவுட் ஒஃப்' போல ஒன்று கூட வரவேண்டும். இல்லத்துக்கு வெயார், நாளுக்கு வென். ஊணுக்கு, அதாவது உண்ணும் செயலுக்கு, ஒன்றும் சரிவராது, வசனத்தையே மாற்ற வேண்டும். எங்கள் ஒரு 'அ'வுக்கு அவர்களிடம் ஒரு பெட்டி நிறையச் சாவிகள்.

தமிழும் சில இடங்களில் முழிக்கும். 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? இந்தத் தடுமாற்றத்தைத் தொல்காப்பியர் காலத்திலேயே கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். உரைகாரர்கள் காட்டும் உதாரணமே புலியும் யானையும்தான். கால்டுவெல் 1856இல் எழுதிய ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் இணைப்புப் பிரதிப்பெயர் இல்லை, பெயரெச்சம்தான் அந்த வேலையைப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறார். இடையன்குடியில் இருந்த அந்தப் பாதிரியாருக்கு விளங்கினது பெண்டில் ஹில்லில் இருந்த எனக்கு விளங்க ஒரு விரல் வெட்டுப்பட வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அட்டவணையை அழித்துவிட்டு வேறு மாதிரித் தொடங்கினேன். "ஆங்கிலத்தை விடுங்கோ. முதலில் தமிழில் சொல்லுங்கோ. நான் வெட்டின கத்தி. இப்ப கத்தியைப் பின்னுக்கு இழுத்து, முழு வசனமாக்குங்கோ. நான் கத்தி வெட்டினன் என்று சொல்வீங்களோ?"

"இல்லை. கத்தியால வெட்டினன்."

"அந்த 'ஆல்' எங்கே போனது?"

கராஜ் அமைதியாகிவிட்டது. பெயரெச்சம் ஆகும்போது வேற்றுமை உருபு ஒளிந்துகொள்கிறது. தமிழில் ஒளியலாம். ஆங்கிலத்தில் அதை வெளியே இழுத்து எடுத்து ஓரிடத்தில் வைக்கவேண்டும். ஆல் என்றால் வித். 'த நைஃப் ஐ கட் வித்.' நான் தங்கின வீடு? வீட்டில் தங்கினன், இல் என்றால் இன் அல்லது அற். நான் காசு குடுத்த ஆள்? ஆளுக்குக் குடுத்தனான், கு என்றால் டு. 'என்ன உருபு ஒளிஞ்சிருக்குது?' என்ற கேள்வி அன்றிலிருந்து எங்கள் கராஜின் மந்திரமாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் வேற்றுமையைச் சபித்தவர்கள் எல்லாரும் சிட்னியில் அதற்கு நன்றி சொன்னார்கள்.

அந்த 'வித்'தையும் 'டு'வையும் எங்கே வைப்பது என்பதில் எங்கள் ஊர்ப் படிப்பு ஒரு இடைஞ்சல். வசனத்தின் கடைசியில் இப்படியான சொல்லை விடுவது மகா பாவம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவுஸ்திரேலியர்கள் தினமும் அந்தப் பாவத்தைத்தான் செய்கிறார்கள். 'வித் விச் ஐ கட்' என்று குசினியில் சொன்னால், கத்தியை வெட்டியதற்குச் சிரித்தவர்கள் அதைவிடக் கூடச் சிரிப்பார்கள். அது சட்டத்தரணிகளின் ஆங்கிலம். கடைசியிலேயே விடுங்கள், ஆனால் விடாமல் மட்டும் விடாதீர்கள் என்பேன்.

ஹூம் என்பதைப் பற்றியும் என் தீர்ப்பு அதுதான். பேச்சில் அது செத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் தூக்கி நிறுத்தத் தேவையில்லை. ஊரில் அதிபரும் சமாதான நீதவானும் தந்த நற்சாட்சிப் பத்திரங்களின் தலைப்பில் 'டு ஹூம் இட் மே கன்சேர்ன்' என்று கண்டு பழகியதால் எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு பக்தி. கடிதத் தலைப்போடு நிற்கட்டும்.

ஹூவா விச்சா என்பதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை எங்கள் ஆங்கில ஆசிரியர்கள் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய மூளைக்கு இது புதுப்பாடமே இல்லை. வியட்நாமிய மாணவர்கள் தடுமாறிய இடத்தில் என் சனிக்கிழமைக்காரர்கள் நேராகப் போய்விடுவார்கள். எல்லையில்தான் இடறுவார்கள். 'குழந்தை அழுதது' என்று சொல்லிப் பழகிய ஒரு அக்கா, பிள்ளைப்பேறு வாழ்த்து அட்டையில் பச்சைக் குழந்தைக்கு விச் போட்டுவிட்டார். இன்னொருவர் பக்கத்து வீட்டு நாயைப் பற்றி வேலிக்கு மேலால் பேசும்போது 'த டோக் விச்' என்றிருக்கிறார். வீட்டுக்காரி, "அவளுக்குப் பெயர் இருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இந்த ஊரில் வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஹூதான். தெருநாய்க்கு என்ன என்று கேட்டார்கள். தெருநாய் இருந்தால்தானே, என்றேன்.

மன்னாரிலிருந்து வந்த ஒரு ஐயா இதற்கு மடக்கினார். 1611ஆம் வருடத்து ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில் கர்த்தர் கற்பித்த செபத்தில் பரமபிதாவுக்கே விச் என்றுதானே இருக்கிறது, அப்போ கடவுள் அஃறிணையோ? நல்ல கேள்வி. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் விச் மனிதருக்கும் வரும், பிறகுதான் பொருளுக்கும் விலங்குக்கும் ஒதுங்கியது என்று விளக்கினேன். ஐயா திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் வாய்க்கும் காதுக்குமான சங்கதி. காற்புள்ளி விஷயம் அப்படியில்லை, அதில் ஒரு குடும்பத்துக்கே ஆறு மாதம் போனது.

'சிட்னியில் இருக்கிற என்ர தம்பி' என்று தமிழில் சொன்னால் எனக்கு ஒரே தம்பியா, ஐந்து பேரில் ஒருவனா என்று தெரியாது. தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் தம்பிக்குப் பிறகு காற்புள்ளி போட்டு ஹூ என்று தொடங்கினால் தம்பி ஒருத்தன்தான், அவன் சிட்னியில் இருக்கிறான் என்பது உபரித் தகவல். காற்புள்ளி இல்லாவிட்டால் வேறு தம்பிகளும் இருக்கிறார்கள், அவர்களில் சிட்னிக்காரன் என்று அர்த்தம். எஞ்சிய உறவினர் என்று ஒரு விசா உண்டு. நெருங்கிய உறவு எல்லாம் அவுஸ்திரேலியாவில்தான், வெளியே வேறு யாரும் இல்லை என்று காட்டவேண்டும். போரில் மற்ற எல்லாரையும் இழந்த ஒரு பெண்ணுக்காக இங்கிருந்து எழுதிய கடிதத்தில் அந்தக் காற்புள்ளி விடுபட்டிருந்தது. மற்றச் சகோதரர்களின் விபரம் தரவும் என்று பதில் வந்தது. இல்லாத தம்பிமாரை இல்லை என்று நிரூபிக்கப் பத்திரங்கள் தேடி அலைந்தார்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்தது நானில்லை. ஆனால் எழுதியவர் என் வகுப்பில் இருந்தவர், காற்புள்ளியை நான் அவருக்கு அரைமணி நேரத்தில் ஓட்டிவிட்டிருந்தேன். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பழக்கியவர் நாவலர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவள், அதை அவசர அவசரமாகக் கடந்து போயிருக்கிறேன்.

2000க்குப் பிறகு வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தாதியர். அவர்களுக்கு வேண்டியது ஓஇடி என்ற தொழில்சார் ஆங்கிலப் பரீட்சை. எண்பதுகளின் பிற்பகுதியில் அவுஸ்திரேலிய அரசுக்காக ரிம் மக்னமாரா வடிவமைத்தது, இப்போது மெல்பேர்னிலிருந்து நடக்கிறது. அதில் ஒரு நோயாளியை இன்னொரு இடத்துக்கு மாற்றும் கடிதம் ஒன்று எழுதவேண்டும். 180 முதல் 200 சொல், வாசிக்கும் நேரத்தோடு 45 நிமிடம். இந்தக் கடிதமே ஹூவும் ஹூஸும் கோர்த்த மாலை. யார் அனுமதிக்கப்பட்டார், யாருக்கு நீரிழிவு, யாருடைய கணவர் போன வருடம் இறந்தார். மெல்பேர்ன் டண்டினோங்கிலிருந்து தொலைபேசியில் படித்த ஒரு தங்கச்சி அனுப்பிய பயிற்சிக் கடிதத்தில், 'த டோட்டர் ஒஃப் த பேஷண்ட் ஹூ இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்' என்று இருந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதது மகளுக்கா, நோயாளிக்கா? தங்கச்சி நினைத்தது நோயாளியை. வாசிப்பவர் மகளை நினைத்தால் ஊசி ஏறிவிடும். ஆங்கிலத்தில் ஹூ பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்லமுடியாது. அந்த வசனத்துக்கு நான் சொன்ன திருத்தம், ஹூவையே தூக்கு என்பது. நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று தனி வசனம், முற்றுப்புள்ளி. மகளைப் பற்றி அடுத்த வசனம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அழகான வசனம் எதற்கு?

விச்சா தட்டா என்ற கேள்வி எப்போதும் படித்த ஆட்களிடமிருந்துதான் வரும். வேர்ட் மென்பொருளில் கோடு விழுகிறது என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஃபௌலர் என்ற ஆங்கிலேயர் தன் தம்பியோடு சேர்ந்து 1906இல் எழுதிய புத்தகத்திலும், பிறகு தனியாக 1926இல் வெளியிட்ட அகராதியிலும், அடையாளம் காட்டும் வசனத்துக்குத் தட், உபரித் தகவலுக்கு விச் என்று பிரித்தால் நல்லது என்றார். நல்லது என்றுதான் சொன்னார். எழுத்தாளர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார். அந்த விருப்பத்தை அமெரிக்கர்கள் சட்டமாக்கினார்கள், மென்பொருள் அதற்குக் கோடு கீறியது. என் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். காற்புள்ளிக்குப் பிறகு தட் போடாதீர்கள். மற்றபடி நிம்மதியாக இருங்கள்.

பவணந்தியின் ஆறுக்குள் அடங்காத பெயரெச்சங்களும் எங்களிடம் இருக்கின்றன. 'மீன் பொரிக்கிற மணம்', 'கதவு தட்டின சத்தம்'. மணம் பொரிக்கவில்லை, பொரிபடவும் இல்லை. ஃபிளட்டில் குடியிருந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும்போது, 'த ஸ்மெல் விச் இஸ் ஃபிரையிங் த ஃபிஷ்' என்று எழுதி என்னிடம் காட்டினார். மணமே நின்று மீன் பொரிக்கிறது! எனக்கு அந்த வசனத்தைத் திருத்த மனமே வரவில்லை. கடைசியில் 'ஸ்மெல் ஒஃப் ஃபிஷ் ஃபிரையிங்' என்று மாற்றினேன். கொக்கியே தேவையில்லாத இடம். இப்படியான இடங்களில் உருபைத் தேடினாலும் அகப்படாது. அகப்படாவிட்டால் ஒஃப் போட்டுப் பாருங்கள் என்பது நான் கண்டுபிடித்த கைவைத்தியம், எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை.

எல்லாவற்றிலும் நான் பயந்தது ஹூஸுக்கு. நான் 1992இல் குடியுரிமை எடுத்தபோது மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னேன். அந்தச் சத்தியத்தில் ஹூஸ் இல்லை. 1994 ஜனவரியில் அதை மாற்றினார்கள். புதிய உறுதிமொழியின் வரைவில் கவிஞர் லெஸ் மரேக்குப் பங்கு உண்டு. மகாராணி போய், அவுஸ்திரேலியாவும் அதன் மக்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக மூன்று ஹூஸ். அவர்களுடைய ஜனநாயக நம்பிக்கைகள், அவர்களுடைய உரிமைகளும் சுதந்திரங்களும், அவர்களுடைய சட்டங்கள். கடவுளின் பெயரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு வடிவம் இருக்கிறது. இரண்டிலும் ஹூஸ் மூன்றுதான். ஒருவர் குடிமகனாகும் அந்த நிமிடத்தில் அவருடைய வாயில் மூன்று இணைப்புப் பிரதிப்பெயர்களை வைக்கிற நாடு வேறெங்காவது இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமைப் பரீட்சை இல்லை. உறுதிமொழி உண்டு. டூங்காபியில் மகனோடு இருந்த எழுபத்தொரு வயது அம்மா ஒருவர் இதற்காகவே ஒரு மாதம் வகுப்புக்கு வந்தார். சொல்லிக் கொடுப்பதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று மகன் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது போதவில்லை. விளங்காமல் சத்தியம் பண்ணக்கூடாதாம். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலாவது ஹூஸில் நிறுத்தினார்.

"ஆற்றை?"

"அவையின்ரை அம்மா."

"அவை எண்டால் ஆர்? நாட்டின்ரையோ, சனத்தின்ரையோ?"

முப்பது வருடமாக ஹூஸ் படிப்பித்தவள் நான். ஹூஸ் மனிதருக்கு மட்டுந்தான் வரும், பொருளுக்கு வராது என்று எனக்கு ஊரில் சொல்லித் தந்தது பிழை என்று தெரியும், நாட்டுக்கும் வரும். இங்கே முன்னால் நாடும் இருக்கிறது, சனமும் இருக்கிறது. நம்பிக்கை சனத்தினுடையது, சட்டம் நாட்டினுடையது, உரிமை இரண்டில் எதனுடையது? "ரெண்டினதும் அம்மா" என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "சட்டம் நாட்டின்ரை மட்டும் எண்டால் நான் சொல்லமாட்டன். அதை ஊரிலை கண்டிட்டன். சனத்தின்ரையும் எண்டால் சொல்லுறன்" என்றார். நகரசபை மண்டபத்தில் அவர் சொன்னபோது நான் பின்வரிசையில் இருந்தேன். மூன்று ஹூஸும் தெளிவாகக் கேட்டன.

2021 குடிசன மதிப்பீட்டில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் இந்த நாட்டில் 95,404 பேர். அதில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு என் கத்தித் தம்பியின் சிக்கல் தலைகீழாக வருகிறது. என் பேரன், "அப்பம்மா, அந்த மாமா, யார் நேற்று வந்தார், அவர் போன் பண்ணினவர்" என்கிறான். ஹூவை அப்படியே தூக்கித் தமிழில் வைத்துவிடுகிறான். அவனுக்கு 'நேற்று வந்த மாமா' என்று பத்துத்தரம் சொல்லிக் காட்டுகிறேன். ஒளிக்கவேண்டிய உருபை ஒளிக்கவும் பழக்குகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரெச்சத்தைச் சோதனைக்கு முதல் வாரம் இலக்கணமாக வைக்காதீர்கள். முதல் நாளிலேயே கதையாகத் தொடங்குங்கள். நேற்று வந்த மாமா, மாமா வந்த கார், மாமா வந்த நாள். ஆங்கில வகுப்பு எடுப்பவர்களோ, ஹூ என்றால் யார் என்று பலகையில் எழுதமுன் அந்த மூன்றையும் ஒருதரம் மாணவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.